பழகின மலை, புதுக் காற்று: ஹேங் கிளைடிங்குக்கு வழிபோட்ட ஓட்டோ லிலியன்தாலின் கதை!

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. பெர்லினில் பாதிப்பேர் லீவு மூடில் இருந்த அந்தக் காலையில், 48 வயது இன்ஜினீயர் ஒருவர் ரயில் ஏறினார். நகரத்துக்கு வடமேற்கே இருக்கும் ஷ்டெல்ன் என்ற சின்னக் கிராமம்தான் அவர் போக வேண்டிய இடம். அங்கே கோல்லன்பெர்க் என்று ஒரு மலை. 'மலை' என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 110 மீட்டர்தான் உயரம். நம்ம ஊர்க் கணக்கில் அது ஒரு குன்று, அவ்வளவுதான்.

வாரக் கடைசியில் நாம் டிரெக்கிங் கிளம்புகிற மாதிரி அவர் பறக்கக் கிளம்பியிருந்தார். விமானம் என்ற ஒன்று உலகத்தில் இல்லாத காலம் அது. ரைட் சகோதரர்கள் விமானத்தைப் பறக்கவிட இன்னும் 7 வருடங்களுக்கு மேல் பாக்கி.

அவர் பெயர் ஓட்டோ லிலியன்தால். இன்று உலகம் முழுக்க ஹேங் கிளைடரில் தொங்கியபடி மலையிலிருந்து குதிக்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் இவர் போட்ட பாதையில்தான் ஓடிக் குதிக்கிறார்கள். அன்றைய பயணத்திலிருந்து மட்டும் அவர் வீடு திரும்பவில்லை. அந்த மலையில் என்ன நடந்தது? அதற்கு முன்னால், யார் இவர்?

நாரையைப் பார்த்து வளர்ந்த பையன்

1848 மே 23 அன்று, அப்போதைய பிரஷ்யாவின் ஆன்க்லாம் என்ற ஊரில் பிறந்தவர் ஓட்டோ. அப்பா துணி வியாபாரி. அம்மா இசை படித்தவர். வீட்டில் பிறந்தது 8 குழந்தைகள். பிழைத்தது மூன்றே மூன்று பேர்: ஓட்டோ, தம்பி குஸ்டாவ், தங்கை மரீ. குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்று அப்பா திட்டம் போட்டிருந்தார். 1861-ல் அவர் இறந்துபோக, அந்தத் திட்டமும் நின்றுபோனது. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அம்மா தலையில்.

ஆன்க்லாமைச் சுற்றி ஈரமான புல்வெளிகள் நிறைய. அங்கே செங்கால் நாரைகள் வரும். அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அவ்வளவு பெரிய பறவை எப்படி மேலே எழும்புகிறது? ஏன் எப்போதும் காற்றை எதிர்த்தே ஓடிக் கிளம்புகிறது? கிளம்பிய பிறகு இறக்கையை அசைக்காமலேயே எப்படி மிதக்கிறது?

இந்தக் கேள்விகள் சும்மா இருக்கவிடுமா? பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இருவரும் மரத்தில் இறக்கை செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிக் குதித்தார்கள். அதுவும் ராத்திரியில். பகலில் செய்தால் கூடப் படிக்கிற பசங்க கலாய்ப்பார்கள் என்ற பயம்தான். பறக்கவில்லை. ஆனா அந்த ஆசை மட்டும் கடைசிவரை விடவே இல்லை.

பகலில் பாய்லர் கம்பெனி, மிச்ச நேரத்தில் இறக்கை

லிலியன்தால் வேலைவெட்டி இல்லாத கனவுக்காரர் கிடையாது. பெர்லினில் முறையாக இன்ஜினீயரிங் படித்தவர். 1870-71 பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் தானே முன்வந்து கலந்துகொண்டவர். பிறகு இயந்திரத் தொழிற்சாலைகளில் வேலை. 1878-ல் ஆக்னஸ் என்பவரோடு கல்யாணம். நான்கு குழந்தைகள்.

தம்பியோடு சேர்ந்து குழந்தைகளுக்கான கல் கட்டைப் பொம்மை செட் ஒன்றையும் கண்டுபிடித்தார். லெகோவுக்கெல்லாம் பல தலைமுறை மூத்தது. விற்பனை சூடுபிடிக்காததால் 1880-ல் அதன் உரிமையை ரிக்டர் என்ற தொழிலதிபருக்கு 1000 மார்க்குக்கு விற்றுவிட்டார்கள். ரிக்டர் அதை 'ஆங்கர்' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்று எங்கோ போய்விட்டார். ஸ்டார்ட்அப் உலகத்தில் இன்றும் கேட்கிற அதே கதை.

ஆனால் அடுத்த முயற்சி பலித்தது. சின்னப் பட்டறைகளுக்கு ஏற்ற, வெடித்துவிடும் அபாயம் குறைந்த ஒரு பாய்லரை உருவாக்கினார். அதை வைத்து 1880-களில் பெர்லினில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1890-ல் கம்பெனி லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களோடு பங்குபோட்டுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். சாதாரண மக்களும் நாடகம் பார்க்க வேண்டும் என்று ஒரு தியேட்டருக்குப் பணமும் உழைப்பும் கொடுத்தார். தானே நாடகம் எழுதவும் செய்தார்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் பறக்கிற ஆராய்ச்சி. அதற்கு அரசு நிதியோ முதலீட்டாளரோ கிடையாது. பாய்லர் விற்ற காசுதான் இறக்கைக்குப் போனது.

வளைந்த இறக்கையின் ரகசியம்

அந்தக் காலத்தில் பறப்பது என்றால் பலருக்கும் பலூன்தான். காற்றை விட கனமான ஒன்று பறக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள். லிலியன்தால் வாக்குவாதம் பண்ணவில்லை. அளந்தார்.

சுழலும் நீண்ட கை ஒன்றின் நுனியில் பல வடிவ இறக்கைகளைப் பொருத்திச் சுற்றவிட்டு, ஒவ்வொன்றையும் காற்று எவ்வளவு விசையோடு தூக்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். அதில் ஒரு விஷயம் தெளிவானது. தட்டையான பலகையை விட, பறவை இறக்கை மாதிரி மேல்பக்கம் லேசாக வளைந்த பரப்புக்குத் தூக்குவிசை அதிகம். இன்று நீங்கள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற விமான இறக்கையின் வளைவுக்கும் பின்னால் இருப்பது இதே அடிப்படைதான்.

இந்த அளவுகளையெல்லாம் தொகுத்து 1889-ல், பறவைகள் பறக்கும் விதமே மனிதன் பறப்பதற்கு அடிப்படை என்ற கருத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அப்போது பெரிதாக விற்கவில்லை. பிற்பாடு அதுவே விமான வரலாற்றின் முக்கியமான நூல்களில் ஒன்றாகிவிட்டது.

ஒரு மீட்டரிலிருந்து ஆரம்பம்

லிலியன்தாலை 'உயிரைப் பணயம் வைத்த சாகசக்காரர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஆனா அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முதலில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலகை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறக்கையோடு குதிப்பது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 2 மீட்டர் வரை. அது பழகிய பிறகுதான் 1891-ல் பாட்ஸ்டாம் பக்கத்தில் டெர்விட்ஸ் என்ற இடத்து மேட்டுக்குப் போனார். அங்கே சுமார் 25 மீட்டர் தூரம் மிதந்தார். மனிதன் திரும்பத் திரும்ப, பாதுகாப்பாக, பதிவுசெய்யும் அளவுக்குப் பறந்த வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவருக்கு முன்பும் சிலர் கிளைடர் செய்து முயன்றிருக்கிறார்கள். இந்த அளவு தொடர்ந்து பறந்து, ஒவ்வொரு முறையும் கற்றுக்கொண்டதை எழுதிவைத்தவர் இவர்தான்.

1893-ல் பெர்லின் புறநகரில் ஒரு மேட்டின் மேல் கொட்டகை கட்டி, அதன் கூரையிலிருந்து பறந்தார். கூரையிலிருந்து குதித்தாலும் தூரம் போதவில்லை. பெரிய மலை வேண்டும்!

தெரியாத மலைக்கு முதல் பயணம்

கிளைடர் பறக்க எந்த மலையும் ஆகாது. இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

இன்ஜின் இல்லாத கிளைடர் எப்போதும் காற்றுக்குள் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் கால் எடுத்துவைத்ததும் தரையும் சரிந்துகொண்டே போக வேண்டும். எதிரே வீசும் காற்று சரிவில் மோதி மேல்நோக்கி எழும்பினால், அது கிளைடரைத் தாங்கிப் பிடிக்கும். ஓடுபாதையில் மரம், பாறை இருக்கக் கூடாது. கீழே இறங்க வெட்டவெளி வேண்டும். காற்று தினமும் ஒரே திசையில் வீசாது என்பதால் பல பக்கமும் சரிவு இருந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் பொருந்தி வந்த இடம் ரீனோ குன்றுகள். தட்டையான விளைநிலத்தின் நடுவே, சுற்றுப்புறத்தை விட சுமார் 60 மீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கும் மேடுகள். மேலே புல்லும் சின்னப் புதர்களும்தான். 1893-ல் முதல்முறையாக அங்கே போனார்.

இறக்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு உச்சியில் நின்றபோது, கீழே பரந்து கிடந்த நிலத்தைப் பார்த்து மனசுக்குள் ஒரு நடுக்கம் வந்ததை அவரே மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அதுவரை பழகிய கூரையை விட இந்த உயரம் ரொம்ப அதிகம். அவர் எடுத்த எடுப்பில் உச்சியிலிருந்து குதித்துவிடவில்லை. ஜாக்கிரதையாகச் சின்னச் சின்னத் தாவல்கள். அதில் ஒரு விஷயம் பிடிபட்டது. கூரை விளிம்பில் காற்று முட்டிமோதிக் குழம்பும். இந்த மென்மையான சரிவில் காற்று சீராக ஏறி வருகிறது. உயரம் அதிகம்தான். ஆனா பறப்பது இங்கேதான் சுகம்.

நடுக்கம் நம்பிக்கையாக மாறியது. போகப்போக 250 மீட்டர் தூரம் வரை மிதந்தார். உலகத்தில் வேறு யாரும் அவர் காலத்தில் அந்தத் தூரத்தைத் தொடவில்லை.

1894-ல் பெர்லின் பக்கத்து லிஷ்டர்ஃபெல்டில் தனக்கென்றே 15 மீட்டர் உயரச் செயற்கைக் குன்று ஒன்றை எழுப்பிக்கொண்டார். கூம்பு வடிவம், எந்தத் திசையில் காற்று வீசினாலும் குதிக்கலாம். இருந்தாலும் நீண்ட தூரம் பறக்க வேண்டுமென்றால் ரீனோ பக்கம்தான். அந்த வருடத்திலிருந்து அதே மலைத்தொடரில் ஷ்டெல்ன் கிராமத்தை ஒட்டிய கோல்லன்பெர்க் அவருடைய வழக்கமான இடமானது.

அந்தக் காலத்திலேயே வைரல்

1894-ல் அவர் உருவாக்கிய மாடல்தான் 'நார்மல் கிளைடர்'. வில்லோ மரக் குச்சிகளில் சட்டம், அதன் மேல் பருத்தித் துணி. எடை சுமார் 20 கிலோ. வௌவால் இறக்கை மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு போகலாம். விலை 500 மார்க். குறைந்தது 9 விற்றன. ஒரே டிசைனில் பல பிரதிகள் செய்து விற்கப்பட்ட முதல் பறக்கும் கருவி இதுதான்.

வாங்கியவர்கள் பட்டியலில் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஷுகோவ்ஸ்கி, பிரிட்டன் இன்ஜினீயர் பெர்சி பில்ச்சர், அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் எல்லாம் உண்டு. ஹர்ஸ்ட் வாங்கிய கிளைடர் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

உலகம் அவரை நம்பியதற்கு இன்னொரு காரணம், போட்டோ. ஓடும் குதிரையைக் கூடத் தெளிவாகப் படம்பிடித்துப் பேர் வாங்கிய ஓட்டோமார் அன்ஷூட்ஸ் போன்றவர்கள் இவர் பறப்பதைப் படமெடுத்தார்கள். பத்திரிகைகளில் போட்டோ அச்சிடும் தொழில்நுட்பம் பரவிக்கொண்டிருந்த நேரம். இறக்கையோடு ஆகாயத்தில் தொங்கும் மனிதனின் படம் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பறப்பது முடியும் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?

சரி, மலைக்குத் திரும்புவோம்.

ஒரு வாரம் முன்புதான், அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அங்கே வந்து லிலியன்தால் பறப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆகஸ்ட் 9 அன்று கூட இருந்தவர் அவருடைய மெக்கானிக் பவுல் பைலிஷ். நல்ல வெயில், பறக்க ஏற்ற காற்று. முதல் பறத்தல்கள் பிரச்னை இல்லாமல் முடிந்தன. கீழே இறங்குவது, கிளைடரைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேறுவது, மறுபடி ஓடிக் குதிப்பது. எத்தனையோ முறை செய்த அதே வேலை.

பிறகு ஒரு பறத்தலில், கிளைடர் திடீரென்று நடுவானில் நின்றது. மூக்கு மேலே தூக்கியது. கால்களை முன்னுக்கு வீசி, உடம்பின் எடையால் மூக்கைக் கீழே இறக்கப் பார்த்தார். முடியவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரம், தரையில் வந்து விழுந்தார்.

கழுத்தெலும்பில் முறிவு. விழுந்த பிறகும் நினைவு இருந்தது. குதிரை வண்டியில் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ரயிலில் பெர்லின். எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தும் பலனில்லை. மறுநாள், ஆகஸ்ட் 10 அன்று உயிர் பிரிந்தது.

ஏன் விழுந்தார்?

சிம்பிளா சொன்னால் இரண்டு காரணங்கள்.

ஒன்று, காற்று. வெயிலில் தரை சூடாகும்போது அதன் மேலிருக்கும் காற்றும் சூடாகி, குமிழி மாதிரி மேலே கிளம்பும். இதற்குத்தான் தெர்மல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு வீச்சு கிளைடரில் மோதினால் மூக்கு தூக்கும், வேகம் குறையும். ஓர் அளவுக்கு மேல் மூக்கு தூக்கினால் இறக்கை மீது காற்று ஒழுங்காக ஓடாமல் பிய்த்துக்கொள்ளும். தூக்குவிசை சட்டென்று போய்விடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். நிறைய உயரம் இருந்தால் மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடித்து மீளலாம். 15 மீட்டரில் அதற்கு நேரமே இல்லை.

இரண்டு, கட்டுப்பாடு. இன்றைய ஹேங் கிளைடரில் பைலட் ஒரு பட்டையில் முழு உடம்போடு தொங்குவார். எதிரே ஒரு முக்கோணச் சட்டம். அதைத் தள்ளினாலும் இழுத்தாலும் மொத்த உடம்பும் நகரும், கிளைடர் உடனே சொன்ன பேச்சு கேட்கும். லிலியன்தாலோ கிளைடரின் நடுவில், கைகளும் தோளும் சட்டத்தில் ஊன்றியபடி நின்றார். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் ஆட்ட முடியும். அமைதியான காற்றுக்கு அது போதும். திடீர் வீச்சுக்குப் போதாது.

கிளைடரே மோசமான டிசைனா? 2016-ல் ஜெர்மன் விண்வெளி மையம் அவர் வரைபடங்களை வைத்து அதே கிளைடரைத் திரும்பக் கட்டி, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. நிலையாகப் பறக்கக் கூடிய கருவிதான் என்பது முடிவு. ஆக, அவர் அளவுகளில் தப்பில்லை. காற்று தப்பு செய்யும்போது சமாளிக்கத் தேவையான பிடிதான் கையில் இல்லை.

5 மணி நேரம் கற்றுக்கொடுத்த பாடம்

5 வருடங்களில் அவர் பறந்தது 2000 முறைக்கு மேல். ஆனால் ஆகாயத்தில் இருந்த மொத்த நேரத்தைக் கூட்டினால் வெறும் 5 மணி நேரம்தான் வரும். ஒரு முறைக்குச் சராசரியாக 9 விநாடி. நீங்கள் ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கிற நேரம் கூட இல்லை!

அவர் இறந்த செய்தி அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்த இரண்டு பேரை உலுக்கியது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட். லிலியன்தாலிடம் இறக்கை இருந்தது, துணிச்சல் இருந்தது, பயிற்சிக்கு நேரமும் கட்டுப்பாடும்தான் போதவில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அதனால்தான் இன்ஜினுக்கு முன்பே கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தார்கள். காற்று விவரங்களை விசாரித்து, அதுவரை பார்த்தேயிராத கிட்டி ஹாக் என்ற மணல்மேட்டுக்கு 1900-ல் கிளைடரோடு போனார்கள்.

அவர்களுடைய 1901 கிளைடர் எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை. லிலியன்தாலின் அட்டவணைதான் தப்போ என்று சந்தேகம். சின்னக் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி அளந்து பார்த்தார்கள். கணக்கில் உதைத்தது அட்டவணை இல்லை, எல்லோரும் பல காலமாகப் பயன்படுத்தி வந்த காற்றழுத்த மாறிலி. லிலியன்தாலின் அளவுகள் பெருமளவு சரியாகவே இருந்தன. அந்தத் தெளிவோடுதான் 1903 டிசம்பர் 17-ல் இன்ஜின் விமானம் பறந்தது.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. லிலியன்தாலிடம் கிளைடர் வாங்கி அவரிடமே கற்றுக்கொண்ட பெர்சி பில்ச்சர், 1899-ல் இங்கிலாந்தில் கிளைடரோடு விழுந்து இறந்துபோனார்.

இப்போது அந்த மலை எப்படி இருக்கிறது?

1971-ல் கலிஃபோர்னியாவில் ஹேங் கிளைடர் ஆர்வலர்கள் ஒன்றுகூடிப் போட்டி நடத்தத் தேர்ந்தெடுத்த தேதி மே 23. லிலியன்தாலின் பிறந்தநாள். ஹேங் கிளைடிங் நவீன விளையாட்டாக வேகமெடுத்ததில் அந்தக் கூடலுக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்லினின் டேகல் விமான நிலையம் 2020-ல் மூடப்படும்வரை அவர் பெயரைத்தான் தாங்கியிருந்தது.

இன்னொரு சம்பவம் செம சுவாரஸ்யம். 1989 அக்டோபரில், கிழக்கு ஜெர்மனியின் விமான நிறுவனம் ஓய்வுபெற்ற ஐ.எல்-62 ஜெட் விமானம் ஒன்றை ஷ்டெல்ன் கிராமத்துப் புல்தரையில், சுமார் 900 மீட்டர் நீளத்துக்குள் இறக்கி நிறுத்தியது. இன்றும் அது அங்கேயே, லிலியன்தால் விழுந்த மலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம். அங்கே கல்யாணம் கூடப் பதிவு செய்துகொள்ளலாம். விமானத்துக்கு வைத்த பெயர் 'லேடி ஆக்னஸ்'. ஆமாம், நான்கு பிள்ளைகளோடு தனியாக நின்ற லிலியன்தாலின் மனைவி ஆக்னஸ்தான்.

1893-ல் ரீனோ குன்று அவருக்குப் புதுசு. பயந்தார், நிதானமாகத் தாவினார், ஒன்றும் ஆகவில்லை. 1896-ல் கோல்லன்பெர்க் நன்றாகப் பழகின மலை. ஆனால் அன்றைக்கு அடித்த காற்று புதுசு. இன்று எந்த ஹேங் கிளைடிங் பள்ளியிலும் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், குதிப்பதற்கு முன் நின்று காற்றைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தலைக்கவசம் கட்டாமல் மலையேற விடுவதில்லை. மலை அப்படியேதான் இருக்கும், காற்று மட்டும் ஒவ்வொரு முறையும் புதுசு என்பது இன்றைக்கு அங்கே முதல் நாள் பாடம். அதைக் கற்றுக்கொடுக்க லிலியன்தாலுக்கு முன்னால் ஆளே இல்லை.